லாக் நிகழ்வுகளை எந்த இடத்தில் வடிகட்டுவது: திருப்பூர் ஜாப்வொர்க் மென்பொருளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் நூலாக உள்ளே வந்து பெட்டியாக வெளியே போவதற்குள் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பல கைகள் மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு டெலிவரி சலான், ஒரு எடை, ஒரு லாட் எண், சில சமயம் ஓர் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல அரசுத் தளத்தில் பெறும் மின்னணுச் சீட்டு) உண்டு. இவற்றைக் கணக்கில் வைக்கும் மென்பொருளைக் கோவையிலோ திருப்பூரிலோ ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு குழு எழுதிப் பராமரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மென்பொருள் ஒவ்வொரு ஸ்கேனுக்கும், தரவுத்தளத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், அரசுத் தளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாக், அதாவது நடந்ததைச் சொல்லும் ஒரு பதிவு வரி, எழுதும். மாலையில் சரக்கு ஏற்றும் நேரத்தில் “வண்டி கேட்டில் நிற்கிறது, பில் வரவில்லை” என்று பேக்கிங் பிரிவிலிருந்து அழைப்பு வரும்போது, காரணத்தைச் சொல்லும் அந்த ஒரு வரி லாக்கில் கிடைக்கிறதா, பயனற்ற வரிகளுக்கு நடுவே புதைந்து கிடக்கிறதா, அல்லது எப்போதோ போட்ட ஒரு வடிகட்டியால் எழுதப்படாமலே போய்விட்டதா என்பதுதான் இக்கட்டுரையின் அக்கறை.

இந்தப் பேச்சை எடுத்தவுடன் எந்த நூலகம் (லாக் எழுதுவதற்கான ஆயத்த நிரல்தொகுப்பு), எந்த வடிகட்டி என்று தொடங்கிவிடுவது வழக்கம். அதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது: நிகழ்வு (லாக் வரியாக எழுதப்பட வேண்டிய ஒன்று) பிறக்கும் இடத்துக்கும் அது வட்டில் எழுதப்படும் இடத்துக்கும் இடைப்பட்ட பாதையில் எந்தப் புள்ளியில் அதை நிறுத்துவது என்பது. முன்னாலேயே நிறுத்தினால் செலவு மிச்சமாகும், ஆனால் நிறுத்தியது திரும்பக் கிடைக்காது. பின்னால் நிறுத்தினால் செலவு கூடும், ஆனால் முடிவை மாற்றிக்கொள்ள வழியிருக்கும். நம் பகுதித் தொழில்களின் அளவுக்குப் பின்னால் வடிகட்டுவதே பொருந்தும் என்றும், செலவு உண்மையிலேயே இடிக்கும் இடங்களில் மட்டும் வடிகட்டியை முன்னால் நகர்த்த வேண்டும் என்றும் நான் கருதுகிறேன்.

முதலில் செலவு எவ்வளவு என்று பார்த்துவிடலாம். நாளொன்றுக்கு 10 லட்சம் வரிகள், வரிக்குச் சராசரியாக 300 பைட் என்று கொண்டால் நாளுக்கு 300 எம்பி ஆகிறது. 180 நாளுக்கு 54 ஜிபி. சுருக்கி வைத்தால் இன்னும் குறையும். 180 நாள் என்ற கணக்கை நானாக எடுக்கவில்லை. கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், சேவை வழங்குவோரும் நிறுவனங்களும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளைத் தொடர்ந்து 180 நாள்களுக்கு வைத்திருக்க வேண்டும் என்கின்றன. 54 ஜிபி-க்கு இடம் ஒதுக்க இன்று எந்த நிறுவனமும் தயங்க வேண்டியதில்லை. ஆகவே இன்ஃபோ நிலையிலும் (லாக் வரிகளுக்கு டிபக், இன்ஃபோ, வார்ன், எரர் என்று கடுமை கூடும் நிலைகள் உண்டு) அதற்கு மேலும் வருவதை “இடம் போதாது” என்று சொல்லி வடிகட்ட இந்த அளவில் முகாந்திரமே இல்லை. டிபக் நிலையைத் திறந்துவிட்டால் நிலைமை மாறும். வரிகள் 50 மடங்கு பெருகினால் நாளுக்கு 15 ஜிபி, 180 நாளுக்கு 2.7 டிபி. அதை உள்வாங்கும் ஒவ்வொரு ஜிபி-க்கும் கட்டணம் வாங்கும் மேகச் சேவைக்கு அனுப்பினால், அடுத்த மாத பில்லே வடிகட்டச் சொல்லிவிடும். அதைவிடப் பெரிய செலவு, நெருக்கடி நேரத்தில் அந்தக் குவியலைப் படிக்க வேண்டிய மனிதரின் நேரம்.

நிலையை மட்டும் வைத்து வடிகட்டுவது

மிக எளிய தேர்வு, லாகரின், அதாவது நிரலின் ஒரு பகுதியிலிருந்து வரும் லாக்குகளை வாங்கிக்கொள்ளும் உறுப்பின், நிலையை நிர்ணயித்துவிட்டு நிறுத்திக்கொள்வது. பாதையின் தொடக்கத்திலேயே ஓர் எண் ஒப்பீட்டோடு வேலை முடிவதால் இதைவிட மலிவான வழி இல்லை. லாகர் பெயர்கள் படிநிலையாக இருப்பதால், மென்பொருள் முழுவதற்கும் இன்ஃபோ என்று வைத்துவிட்டு, தரவுத்தள இணைப்பு நூலகத்துக்கு மட்டும் வார்ன் என்றும், இ-வே பில் பகுதிக்கு மட்டும் டிபக் என்றும் வைக்க முடியும். ஜாவாவின் லாக்4ஜே 2, லாக்பேக், பைத்தானின் லாகிங் தொகுதி, டாட்நெட்டின் லாகிங் நூலகம் ஆகிய எல்லாவற்றிலும் இது உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நிலை நிகழ்வை நிறுத்தினாலும், நிகழ்வுக்காகத் தயாரித்த தரவின் செலவை நிறுத்தாது. ஒரு லாட்டின் எல்லா ரோல்களையும் தரவுத்தளத்திலிருந்து எடுத்து, ஒரே சரமாகக் கோத்து டிபக் அழைப்புக்குக் கொடுத்தால், டிபக் மூடியிருந்தாலும் அந்தக் கோர்ப்பு நடந்தே தீரும். லாக்4ஜே 2-இல் லாம்டாவாக (தேவைப்பட்டால் மட்டும் ஓடும் சிறு செயற்கூறாக) கொடுப்பதும், பைத்தானில் சரத்தை முன்கூட்டியே சேர்க்காமல் மதிப்புகளைத் தனியாகக் கொடுப்பதும், மதிப்பைக் கணக்கிடுவதே கனமான வேலை என்றால் அந்த நிலை திறந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வதும் இதைத் தவிர்க்கும். வடிகட்டியைப் போட்டும் சர்வர் திணறுகிறது என்று சொல்லும் இடங்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நிலையின் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. அது நிகழ்வின் கடுமையைச் சொல்லும், முக்கியத்துவத்தைச் சொல்லாது. “சலான் பதிவானது, 412 கிலோ” என்பது வெறும் இன்ஃபோ. ஆனால் மூன்று மாதம் கழித்துச் சாயப்பட்டறைக்காரர் எடைக் குறைவு என்று கணக்கு கேட்கும்போது தேவைப்படுவது அந்த வரிதான். இணைப்புத் தொகுப்பு நிரம்பிவிட்டது என்று நாள் முழுதும் வரும் வார்ன் வரிகளை யாரும் படிப்பதில்லை. எனவே “வார்ன்-க்கு மேல் மட்டும் எழுது” என்ற ஒரே ஆணை, வேண்டியதைத் தள்ளி வேண்டாததைச் சேர்க்கிறது. எண்களும் ஒரு திசையில் இல்லை. பைத்தானில் டிபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிகல் 50 என்று கடுமை கூடக் கூட எண் ஏறுகிறது. லாக்4ஜே 2-இல் ஃபேட்டல் 100, எரர் 200, வார்ன் 300, இன்ஃபோ 400, டிபக் 500 என்று இறங்கு கடுமையில் ஏறுகிறது. யூனிக்ஸ் கணினிகளின் சிஸ்லாக் மரபில் 0 மிகக் கடுமையானது, 7 டிபக். ஜாவாவில் ஒரு பகுதியும் பைத்தானில் ஒரு பகுதியுமாக இருக்கும் மென்பொருளின் லாக்குகளை ஓரிடத்தில் சேர்த்து எண்ணை வைத்து வடிகட்டினால் தலைகீழாகப் போகும். அங்கே நிலையின் பெயரைத்தான் ஒப்பிட வேண்டும்.

முகப்பில் வடிகட்டுவது

லாக்4ஜே 2 வடிகட்டிக்கு நான்கு இடங்களைத் தருகிறது: முழு அமைப்புக்கும் பொதுவான முகப்பு, தனி லாகர், லாகரிலிருந்து அப்பெண்டருக்குப் (நிகழ்வைக் கோப்பு போன்ற இலக்கில் எழுதும் உறுப்பு) போகும் இணைப்பு, அப்பெண்டர். கீழ்பவானி வாய்க்காலில் தலைமதகை அடைத்தால் கடைமடை வரை ஒருவருக்கும் தண்ணீர் இல்லை. கிளை வாய்க்காலை அடைத்தால் அந்தக் கிளைக்கு மட்டும் இல்லை. வயலின் மடையை அடைத்தால் அந்த ஒரு வயலுக்கு மட்டும் இல்லை. முகப்பு, லாகர், அப்பெண்டர் ஆகியவற்றின் உறவும் அதுவே. லாக்பேக்கில் முகப்பில் நிற்பதற்கு டர்போ ஃபில்டர் என்று பெயர். நிகழ்வுக்கான பொருள் நினைவகத்தில் உருவாகும் முன்பே அது அழைக்கப்படுகிறது. ஸ்பிரிங் பூட் தானாகக் கொண்டுவருவது லாக்பேக் என்பதால் நம் பகுதியின் ஜாவா குழுக்களுக்கு இது நெருக்கமான பெயர்.

முகப்பு வடிகட்டியின் உண்மையான பலம் தள்ளுவதில் இல்லை, சேர்ப்பதில் இருக்கிறது. லாக்4ஜே 2-இல் முகப்பு வடிகட்டி ஒரு நிகழ்வை “ஏற்கிறேன்” என்று சொல்லிவிட்டால், அதன்பின் லாகரின் நிலை பார்க்கப்படுவதில்லை. இதைப் பயன்படுத்தி, நூறு வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு சர்வரில் பல்லடத்தில் உள்ள ஒரு நிட்டிங் யூனிட்டுக்கு மட்டும் டிபக்கைத் திறக்கலாம். கோரிக்கை உள்ளே வரும்போதே வாடிக்கையாளர் குறியீட்டைத் திரெட் கான்டெக்ஸ்டில் (அந்தக் கோரிக்கையின் எல்லா லாக்குகளோடும் கூட வரும் குறிப்பு) போட்டுவைத்து, டைனமிக் திரெஷோல்ட் ஃபில்டரில் அந்தக் குறியீட்டுக்கு டிபக் என்று எழுதி, பொருந்தினால் ஏற்பு, பொருந்தாவிட்டால் நடுநிலை (முடிவை அடுத்த கட்டத்துக்கு விடுவது) என்று அமைத்தால் போதும். மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் தத்தம் லாகர் நிலையிலேயே இருப்பார்கள். லாக்பேக்கிலும் இதே பெயரில் ஒரு டர்போ ஃபில்டர் உண்டு. அமைப்புக் கோப்பு மாறினால் தானாகப் படித்துக்கொள்ளும் வசதியும் இரண்டிலும் இருப்பதால், சர்வரை நிறுத்தாமலே திறந்து மூடலாம். ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்த முடியாத மென்பொருளுக்கு இது பெரிய வரம்.

ஆனால் தள்ளுவதற்காக முகப்பைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே நிறுத்தியது எந்தக் கோப்புக்கும் போகாது, பின்னாளில் கணக்குக் காட்டுவதற்கான தணிக்கைக் கோப்புக்கும் போகாது. மேலும், மூடியிருக்கும் டிபக் அழைப்புகள் உட்பட ஒவ்வொரு அழைப்புக்கும் முகப்பு வடிகட்டி ஓடும் என்பதால், அங்கே கனமான ஒப்பீடு எதையும் வைக்கக் கூடாது.

லாகரில் வைக்கும் வடிகட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். லாக்4ஜே 2-இல் ஒரு லாகரின் வடிகட்டி மறுத்த நிகழ்வு அதன் பெற்றோர் லாகருக்கும் போகாது. பைத்தானிலோ, பெற்றோர் லாகரில் வைத்த வடிகட்டி பிள்ளை லாகர்களிலிருந்து மேலே வரும் நிகழ்வுகளைத் தொடவே தொடாது. மேலே வரும் நிகழ்வு நேராகப் பெற்றோரின் ஹேண்ட்லர்களுக்குப் (அப்பெண்டருக்குப் பைத்தானில் உள்ள பெயர்) போகிறது, பெற்றோரின் நிலையும் வடிகட்டியும் கேட்கப்படுவதில்லை. வேர் லாகரில் ஒரு வடிகட்டியை மாட்டிவிட்டு எல்லாம் வடிகட்டப்படுகிறது என்று நம்பியிருப்பது பைத்தான் குழுக்களில் அடிக்கடி காணக்கூடியது. அங்கே ஹேண்ட்லரில் மாட்டுவதுதான் சரி.

அப்பெண்டரில், மார்க்கரை வைத்து

என் தேர்வு இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். நிகழ்வு எழுதப்படும் இடத்திலேயே “இது தணிக்கை”, “இது அரசுத்தளம்”, “இது உடல்நலச் சோதனை” (சர்வர் இயங்குகிறதா என்று தானாக அடிக்கடி கேட்பது) என்று மார்க்கர் என்னும் அடையாளக் குறி ஒன்றைக் கட்டிவிடுவது. பிறகு ஒவ்வொரு அப்பெண்டரும் தனக்கு வேண்டிய மார்க்கரை மட்டும் எடுத்துக்கொள்வது. தணிக்கைக் கோப்பு தணிக்கை மார்க்கர் உள்ள எல்லாவற்றையும் நிலை பாராமல் எழுதும். அரசுத்தளக் கோப்பு இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கலை மட்டும் எழுதும். அன்றாடக் கோப்பு இன்ஃபோவையும் அதற்கு மேல் உள்ளதையும் எல்லாம் எழுதி, உடல்நலச் சோதனையை மட்டும் விடும். ஒரே நிகழ்வு இரண்டு கோப்புகளில் இருக்கலாம். ஒன்றில் தள்ளப்பட்டது இன்னொன்றில் நிற்கும். ஒரு வடிகட்டியில் தவறு நேர்ந்தாலும் இழப்பு ஒரு கோப்போடு முடிகிறது.

அமைக்கும்போது ஓர் இடத்தில் பலரும் வழுக்குகிறார்கள். லாக்4ஜே 2-இன் மார்க்கர் ஃபில்டருக்கு வேறெதுவும் சொல்லாவிட்டால், பொருந்தினால் நடுநிலை, பொருந்தாவிட்டால் மறுப்பு என்பதே விதி. அரசுத்தளக் கோப்பில் “இ-வே பில் அல்லது இ-இன்வாய்ஸ்” வேண்டும் என்று நினைத்து இரண்டு மார்க்கர் ஃபில்டர்களை அடுத்தடுத்து எழுதிவிட்டு மற்றதை இயல்புக்கே விட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். இ-வே பில் மார்க்கர் உள்ள நிகழ்வு முதல் வடிகட்டியில் நடுநிலை பெற்று இரண்டாவதற்கு வருகிறது. அங்கே இ-இன்வாய்ஸ் மார்க்கர் இல்லாததால் மறுக்கப்படுகிறது. இ-இன்வாய்ஸ் மார்க்கர் உள்ள நிகழ்வு முதல் வடிகட்டியிலேயே மறுக்கப்படுகிறது. “அல்லது” என்று நினைத்தது “இரண்டும்” என்று ஆகிவிட, கோப்பு காலியாகக் கிடக்கும். முதல் வடிகட்டியில் பொருந்தினால் ஏற்பு, பொருந்தாவிட்டால் நடுநிலை என்றும், கடைசி வடிகட்டியில் பொருந்தினால் ஏற்பு, பொருந்தாவிட்டால் மறுப்பு என்றும் வெளிப்படையாக எழுத வேண்டும். ஏற்பு, மறுப்பு, நடுநிலை என்ற மூன்று விடைகள் லாக்பேக்கிலும் இப்படியே. எந்த வடிகட்டியிலும் இந்த இரண்டு விடைகளையும் இயல்புக்கு விடாமல் எழுதிவைப்பதை ஒரு குழுவின் கட்டாய வழக்கமாக்கலாம். கோப்பு நான்கு வரி நீளும், அவ்வளவே.

மார்க்கரின் விலை ஒழுங்கு. எழுதுகிறவர் ஒவ்வொருவரும் மார்க்கரைக் கட்ட மறக்கக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் மறந்தால் அந்த வரி தணிக்கைக் கோப்புக்குப் போகாது. அதனால் தணிக்கை போன்ற தவறவே கூடாத வகைக்கு, மார்க்கரைக் கட்டி எழுதும் ஒரே ஒரு செயற்கூற்றை வைத்துக்கொண்டு, அதன் வழியாக மட்டுமே எழுத வேண்டும் என்று மறுஆய்வில் வற்புறுத்துவது நல்லது. அதன் அப்பெண்டரில் வேறெந்த வடிகட்டியும் இருக்கக் கூடாது. மார்க்கர் இல்லாத நூலகங்களில் லாகர் பெயரையே வகையாகப் பயன்படுத்தலாம். பைத்தானில் நிகழ்வோடு கூடுதல் மதிப்பாக ஒரு வகையைச் சேர்த்து, ஹேண்ட்லரில் ஒரு சிறு செயற்கூற்றை வடிகட்டியாக மாட்டலாம். 3.2 பதிப்பிலிருந்தே வெறும் செயற்கூறு வடிகட்டியாக ஏற்கப்படுகிறது.

மார்க்கரைக் கட்டுவது தொல்லை என்று, வரியின் சொற்களைப் பார்த்து ரெகுலர் எக்ஸ்பிரஷனால் வடிகட்டுகிறவர்கள் உண்டு. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். உடல்நலச் சோதனையின் வெற்றி வரிகளை (200 என்பது அவற்றில் வரும் வெற்றிக் குறியீடு) தள்ளுவதற்காக “200 உள்ள வரிகளை விடு” என்று எழுதினால், 200 கிலோ நூல் இறங்கிய வரியும், 1,200 பீஸ் கட்டிங் முடிந்த வரியும், எண்களின் நடுவே 200 வரும் லாட்டுகளும் சேர்ந்து மறையும். வரியை எழுதியவர் நாளை “கிடைக்கவில்லை” என்பதை “வரவில்லை” என்று மாற்றினால் வடிகட்டி ஓசையில்லாமல் செத்துவிடும். மூல நிரலில் கை வைக்க முடியாத வெளியார் நூலகத்தின் தொல்லையான ஒரு வரியை அடக்க, அந்த நூலகத்தின் லாகர் பெயரோடு சேர்த்து மட்டும் இதைப் பயன்படுத்தலாம்.

திரும்பத் திரும்ப வருவதை அடக்குவது

அரசுத் தளம் பதில் சொல்லாத நேரங்களில் ஒரே வரி நூற்றுக்கணக்கில் விழும். இதை அடக்க ஒவ்வொரு நூலகமும் ஒவ்வொரு வழியைத் தருகிறது. அவை ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கத் தக்கவை அல்ல.

லாக்பேக்கின் டூப்ளிகேட் மெசேஜ் ஃபில்டர், வேறு சொல்லாவிட்டால், ஒரு செய்தியை 5 முறை அனுமதித்துப் பிறகு தள்ளும். அண்மையில் கண்ட 100 செய்திகளை நினைவில் வைத்திருக்கும். அது ஒப்பிடுவது மதிப்புகள் நிரப்பப்படாத செய்தி அச்சை மட்டுமே. “வாகனம் {}: இ-வே பில் எண் கிடைக்கவில்லை” என்று எழுதியிருந்தால், அந்த இரட்டை அடைப்புக்குள் எந்த வாகன எண் வந்தாலும் அதற்கு ஒரே செய்திதான். முதல் வண்டிக்கு ஐந்து முறை முயன்று தோற்ற வரிகள் பதிவாகிவிட்டால், அடுத்து வரும் அவிநாசி வண்டிக்கும் பெருந்துறை வண்டிக்கும் ஒரு வரிகூடப் பதிவாகாது. காலத்தையும் அது கணக்கில் கொள்வதில்லை. நினைவிலிருந்து அந்தச் செய்தி வெளியேறும்வரை தள்ளிக்கொண்டே இருக்கும். டர்போ ஃபில்டர் என்பதால் இது தலைமதகிலேயே நடக்கிறது, தணிக்கைக் கோப்பும் தப்பாது. ஒரே அச்சில் பல பொருள்களைப் பற்றிப் பேசும் தொழில் மென்பொருளுக்கு இது பொருந்தாது என்பதே என் தீர்ப்பு.

லாக்4ஜே 2-இன் பர்ஸ்ட் ஃபில்டர் செய்தியைப் பார்ப்பதில்லை, வேகத்தை மட்டும் பார்க்கிறது. நொடிக்கு இத்தனை என்ற சராசரி, ஒரே மூச்சில் அதிகபட்சம் இத்தனை என்ற இரண்டு எண்களைக் கொடுக்கிறோம். இரண்டாவதைச் சொல்லாவிட்டால் முதலாவதன் 10 மடங்கு. குறித்த நிலையிலும் அதற்குக் கீழும் உள்ளதை மட்டுமே தள்ளுவதால், இயல்பான வார்ன் வரம்பில் எரர் வரிகள் தப்பிவிடும். ஆனால் சத்தம் போடும் ஒரு பகுதி ஒதுக்கீட்டைத் தின்றுவிட்டால் அமைதியான பகுதியின் ஒரே வரி தள்ளப்படும். எவ்வளவு தள்ளினோம் என்று சொல்லவும் மாட்டாது. கோ மொழியின் ஸாப் நூலகம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: அதன் உற்பத்தி அமைப்பில், ஒரே நிலையும் ஒரே செய்தியும் உள்ளவற்றில் ஒவ்வொரு நொடியும் முதல் 100-ஐ எழுதி, பிறகு நூற்றுக்கு ஒன்றை எழுதும். டாட்நெட்டுக்கான என்லாக்கின் திரும்ப வருவதை அடக்கும் வடிகட்டியில் கால வரம்பும் உண்டு, எத்தனை அடக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை அடுத்த வரியோடு சேர்த்து எழுதும் வசதியும் உண்டு. இவற்றில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எண்ணிக்கையைச் சொல்லும் வடிகட்டியைத்தான் எடுப்பேன். “இதே செய்தி 340 முறை அடக்கப்பட்டது” என்ற ஒரு வரி, 340 வரிகளின் பெரும்பாலான பயனைத் தந்துவிடுகிறது.

அடக்குவதற்கு நேர் எதிரான ஒரு வழியும் இருக்கிறது, நம் குழுக்கள் அதை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்று விரும்புகிறேன். பிஎச்பி உலகில் லாராவெல் பயன்படுத்தும் மோனோலாக் நூலகத்தில் ஃபிங்கர்ஸ் கிராஸ்ட் ஹேண்ட்லர் என்று ஒன்று உண்டு. அது கோரிக்கையின் எல்லா வரிகளையும், டிபக் உட்பட, நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே வரும். கோரிக்கை நல்லபடியாக முடிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிடும். இடையில் வார்னிங்கோ அதற்கு மேற்பட்டதோ வந்துவிட்டால், அதுவரை சேர்த்த அனைத்தையும் ஒருசேர எழுதும். சலான் நன்றாகப் பதிவான ஆயிரம் கோரிக்கைகளின் டிபக் வரிகள் யாருக்கும் வேண்டாம். தோற்ற ஒரு கோரிக்கையின் டிபக் வரிகள் முழுவதும் வேண்டும். நிலையால் வடிகட்டினால் இரண்டும் போகும், இதில் வேண்டியது மட்டும் நிற்கிறது. கோரிக்கையோடு பிறந்து கோரிக்கையோடு முடியும் பிஎச்பி நிரலுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. நாள் முழுதும் ஓடும் பின்னணிப் பணிகளுக்குச் சேர்த்து வைக்கும் அளவுக்கு வரம்பு வைக்க வேண்டும், இல்லையேல் நினைவகம் நிரம்பும். பைத்தானின் மெமரி ஹேண்ட்லர் பெயரளவில் இதைப் போன்றது. ஆனால் பிழை வந்தாலும் எழுதும், கொள்ளளவு நிரம்பினாலும் எழுதும் என்பதால் அதை அப்படியே இதற்கு மாற்றாக எடுக்க முடியாது.

பெயரில்லாத வடிகட்டிகள்

ஒப்பீட்டில் யாரும் சேர்க்காதவை சில உண்டு. நிகழ்வுகளை வரிசையில் வைத்துப் பின்னணியில் எழுதும் லாக்பேக்கின் அசிங்க் அப்பெண்டர் 256 நிகழ்வுகள் கொள்ளும் வரிசை ஒன்றை வைத்திருக்கிறது. அதில் 20 விழுக்காடு இடமே மிச்சம் என்ற நிலை வந்ததும் இயல்பாகவே டிரேஸ், டிபக், இன்ஃபோ நிகழ்வுகளைக் கைவிட்டு, வார்னையும் எரரையும் மட்டும் ஏற்கும். சரக்கு ஏற்றும் நெரிசலில் வட்டு சற்றுத் தாமதித்தாலே இன்ஃபோவாக எழுதிய தணிக்கை வரிகள் போய்விடும். தணிக்கைக்கு அசிங்க் அப்பெண்டரைப் பயன்படுத்தினால் அந்த வரம்பை 0 என்று வைக்க வேண்டும். அப்போது வரிசை நிரம்பினால் நிரல் காத்திருக்கும், எதுவும் தொலையாது. லினக்ஸின் லாக் சேகரிப்புச் சேவையான ஜர்னல்டி, அண்மைப் பதிப்புகளின் இயல்பு அமைப்பில், ஒரு சேவை 30 நொடிக்கு 10,000 செய்திகள் என்ற அடிப்படை வரம்பை (வட்டின் காலியிடத்துக்கேற்ப இது சில மடங்கு உயரும்) தாண்டினால் மீதியை அடக்கும். எத்தனையை அடக்கியது என்று ஒரு வரியை எழுதிவைக்கும். மென்பொருளில் எவ்வளவு கவனமாக அமைத்தாலும் இந்த இரண்டு இடங்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

சேகரிப்பானில் வடிகட்டுவது

கடைசித் தேர்வு, மென்பொருள் எல்லாவற்றையும் தன் வட்டில் எழுதட்டும், அங்கிருந்து மையத்துக்கு எடுத்துச் செல்லும் ஃப்ளூயன்ட் பிட் போன்ற சேகரிப்பான் வடிகட்டட்டும் என்பது. இதன் பெரிய நன்மை, மூலக் கோப்பு அந்தந்த ஆலையின் கணினியிலேயே சில நாள்கள் இருக்கும் என்பது. மையத்தில் தள்ளியது தேவைப்பட்டால் ஆலையில் போய் எடுக்கலாம். கரூரிலோ சென்னிமலையிலோ இணையம் மெதுவாக உள்ள யூனிட்டிலிருந்து குறைந்த அளவை மட்டும் அனுப்பவும் இது உதவும். விதியை மாற்ற மென்பொருளைப் புதிதாக வெளியிட வேண்டியதும் இல்லை.

குறை, சேகரிப்பானுக்கு வரிகள்தான் தெரியும், நிகழ்வுகள் தெரியாது. ஜாவாவின் ஒரு பிழை, செய்தி ஒரு வரியும் பிழைக்கு வந்த பாதையைக் காட்டும் அழைப்பு வரிசை நாற்பது வரிகளுமாக விழும். செய்தி வரியைத் தள்ளும் விதி எழுதினால் தலையில்லாத நாற்பது வரிகள் மையத்தில் வந்து கிடக்கும். எரர் என்ற சொல் உள்ளதை மட்டும் எடு என்றால் தலை மட்டும் வந்து உடல் வராது. பல வரிகளை ஒன்றாக்கும் பகுப்பியை முதலில் வைத்து, பிறகுதான் வடிகட்ட வேண்டும். ஃப்ளூயன்ட் பிட்டில் ஜாவாவுக்கும் பைத்தானுக்கும் அப்படிப்பட்ட பகுப்பிகள் உள்ளேயே இருக்கின்றன. அதைவிட நல்லது, மென்பொருளே ஒரு நிகழ்வை ஒரு வரி ஜேசானாக, நிலை, மார்க்கர், வாடிக்கையாளர், லாட் எண் எல்லாவற்றையும் தனித்தனிப் புலங்களாக எழுதுவது. அப்போது சேகரிப்பானிலும் மார்க்கர் புலத்தை வைத்தே வடிகட்டலாம், சொற்களைத் தொட வேண்டியதில்லை.

தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் லாக்கில் வந்துவிடுவதைத் தடுக்கவும் சிலர் வடிகட்டியைப் போடுகிறார்கள். ஜாவா நூலகங்களில் வடிகட்டி முழு நிகழ்வையும் தள்ளும், அல்லது முழுதாக விடும். நடுவில் ஒரு புலத்தை மட்டும் மறைக்கும் வேலை அதனுடையதன்று. லாக்4ஜே 2-இல் ரீரைட் அப்பெண்டரும், பைத்தானில் ஹேண்ட்லரில் வடிகட்டியாகவே மாட்டி நிகழ்வைத் திருத்தும் செயற்கூறும் அதற்கு உரியவை. எழுதும் இடத்திலேயே அந்த எண்களைக் கொடுக்காமல் இருப்பது இரண்டையும்விட நல்லது.

திருப்பூர் ஜாப்வொர்க் குழுவுக்கு நான் சொல்லும் அமைப்பு இது. லாகர் நிலை பொதுவாக இன்ஃபோ, சத்தம் போடும் நூலகங்களுக்கு வார்ன். முகப்பில் ஒரே ஒரு வடிகட்டி, குறிப்பிட்ட வாடிக்கையாளருக்கு டிபக்கைத் திறப்பதற்கு மட்டும். தணிக்கைக்கும் அரசுத்தளத்துக்கும் மார்க்கரும் தனி அப்பெண்டரும், ஒரு வரி ஜேசானாக. திரும்ப வருவதை அடக்குவது மென்பொருளுக்குள் வேண்டாம். மையத்துக்குப் போகும் வழியில், எண்ணிக்கை பதிவாகும்படி. பிஎச்பி-யில் எழுதும் குழு என்றால் முகப்பு வடிகட்டிக்குப் பதிலாக ஃபிங்கர்ஸ் கிராஸ்ட் ஹேண்ட்லர். நொடிக்குப் பல்லாயிரம் நிகழ்வுகள் வரும் மென்பொருளுக்கு, உதாரணமாக ஆலையின் எல்லாக் கதிர்களையும் (ஸ்பிண்டில்) உணரிகளால் கண்காணிக்கும் ஸ்பின்னிங் மில் மென்பொருளுக்கு, இந்த அமைப்பு பொருந்தாது. அங்கே ஸாப் செய்வதைப் போல மூலத்திலேயே மாதிரி எடுப்பதைத் தவிர வழியில்லை. லாக்4ஜே 1-இல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருள் என்றால் வடிகட்டியைப் பற்றிய யோசனையை ஒத்திவைத்துவிட்டு முதலில் நூலகத்தை மாற்ற வேண்டும்; அதற்கான ஆதரவு 2015 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது.

எந்த அமைப்பை எடுத்தாலும் அமைப்புக் கோப்புக்குச் சோதனை எழுத வேண்டும். ஒவ்வொரு மார்க்கருக்கும் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிகழ்வை அனுப்பி, அது போக வேண்டிய கோப்புக்குப் போனதா, போகக் கூடாத கோப்புக்குப் போகாமல் இருந்ததா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பைத்தானில் சோதனை எழுதுவோர் வழக்கமாக எடுக்கும் அசெர்ட்லாக்ஸ் வசதி, லாகரின் ஹேண்ட்லர்களை எடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொள்வதால், ஹேண்ட்லரில் மாட்டிய வடிகட்டிகளைச் சோதிக்காது. உண்மையான அமைப்புக் கோப்பை ஏற்றி, தற்காலிகக் கோப்புறையில் எழுதவைத்து, எழுதிய கோப்பைத் திறந்து படிப்பதே அங்கே நம்பத்தக்க சோதனை.